உலை அணைகிற கிழமை

வெஸ்ட்மீட், சிட்னி
4.5.2025

இஞ்சாருங்கோ,

தொலைபேசியில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். எங்கள் அக்ஷராவுக்கு ஓகஸ்ட் 31 கல்யாண முகூர்த்தம். தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சோடியாக மணவறையில் இருக்கவேண்டும். வளர்த்தது நான் தனிய. அந்த ஒரு மணித்தியாலத்துக்காவது பக்கத்தில் வந்து இருங்கள். "அப்பா வருவாரோ?" என்று இதுவரை கேட்காத பிள்ளை இப்போது கேட்கிறாள்.

மிருணாளினி

டுயிஸ்பேர்க், ஜெர்மனி
19.5.2025

அன்பு மிருணா,

மெத்தச் சந்தோஷம். ஆனால் அதே கிழமைதான், ஓகஸ்ட் கடைசியில், எங்கள் இரும்பாலையின் ஊதுலையை நிரந்தரமாக அணைக்கிறார்கள். ரைன் ஆறும் ரூர் ஆறும் சந்திக்கிற இந்த ஊர், நிலக்கரியாலும் இரும்பாலும் எழும்பியது. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு போட்டு நொறுக்கினார்கள். திரும்ப உலை மூட்டித்தான் தலைதூக்கியது. வேலைக்குத் துருக்கியர் வந்தார்கள், பிறகு நாங்கள். உணவகத்தில் கோப்பை கழுவிய அகதியான எனக்கு ஒரு தொழிலும் மரியாதையும் தந்தது அந்த உலை. கடைசி இரும்பு ஓடும்போது பழைய ஆட்கள் எல்லோரும் நிற்கவேண்டுமாம். நான் இல்லாமல் எப்படி? முகூர்த்தத்தை ஒரு கிழமை தள்ள ஏலாதோ?

வரதராஜா

வெஸ்ட்மீட்
1.6.2025

இஞ்சாருங்கோ,

நல்ல சரித்திரம். என் அண்ணா மகாதேவன் இருக்கிற சிட்னிக்கு எங்களை அனுப்பும்போது "பின்னால வாறன்" என்றீர்கள். பிறகு உலைக்கு ஆள் காணாது என்றீர்கள். பிறகு பென்ஷன் வரட்டும் என்றீர்கள். ஆற்றில் போகிற கப்பலையெல்லாம் எழுதினீர்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சோடியில்லாமல் நான் தாரை வார்க்க முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டார். அண்ணாவும் அண்ணியும் இருப்பார்கள். கழுத்தில் தாலியோடு, பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் நான் ஓரமாக நிற்கப்போகிறேன்.

மிருணாளினி

டுயிஸ்பேர்க்
27.7.2025

அன்பு மிருணா,

உலை அணைப்பதைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இனி ஒரு தடையும் இல்லை, டிக்கெட் போட்டுவிட்டேன். நானே வந்து இருக்கிறேன் என்று அண்ணாவிடம் சொல்லிவிடு. பட்டு வேட்டி அங்கே வாங்கலாம்தானே?

வரதராஜா

வெஸ்ட்மீட்
9.8.2025

அக்ஷராவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உலை தள்ளிப்போனதால்தான் வருகிறீர்கள் என்பது நான் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. "மாமாவும் மாமியுமே இருக்கட்டும் அம்மா. அவர் வந்தா சாப்பிட்டிட்டுப் போகட்டும்" என்றாள். உங்களோடு சேர்த்து என் இடமும் போகிறது. ஆனாலும் அண்ணாவையும் அண்ணியையுமே இருக்கச் சொல்லிவிட்டேன்.

டிக்கெட்டை வீணாக்கவேண்டாம், வாருங்கள். வருகிற எல்லோருக்கும்போல உங்களுக்கும் மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பார்கள்.

மிருணாளினி