வண்டிக்கென்று வைத்த பணம்

அனுப்புநர்:
பி. தைலம்மாள் (வயது 49),
க/பெ. பிச்சைமுத்து,
காலனித் தெரு, புங்கந்தாங்கல்,
சங்கராபுரம் வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
காவல் நிலையம்,
சங்கராபுரம்.

பொருள்: வீட்டில் அவசரத்துக்கு வைத்திருந்த ரொக்கம் ரூ.10,000 களவு போனது – சந்தேக நபர்கள் இருவரை விசாரிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்படி முகவரியில் கணவருடன் வசித்து, கரும்பு வெட்டும் கூலி வேலை செய்து வருகிறேன்.

1. மூன்று வருடம் முன்பு ஐப்பசி மழையில் கரண்டும் இல்லை, போனில் டவரும் இல்லை. அன்று என் மகள் சின்னப்பொண்ணுவுக்குப் பிரசவ வலி கண்டது. வாடகைக் கார்க்காரர் டீசலுக்கு ரொக்கம் கேட்டார். எங்கள் கூலியெல்லாம் பேங்கில் இருந்தது, கையில் ஒன்றும் இல்லை. வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

2. அதன்பிறகு கூலியில் சிறுகச் சிறுக எடுத்து, பிளாஸ்டிக் பையில் முடிந்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு வண்டிப் பணம் என்று பெயர். வாரம் ஒருமுறை கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அது என் தவறுதான்.

3. சென்ற மாதம் என் மகளுக்கு மறுபடி வலி கண்டது. ஆம்புலன்ஸ் வேறு கேசுக்கு மலைமேல் போயிருந்ததால் கார் கூப்பிட்டோம். கார் வாசலில் நிற்கும்போது முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே தினசரி காலண்டர் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டு உபகாரமேரி சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தைக் கையில் திணித்து, கூடவே வண்டியிலும் ஏறினார். பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

4. நான் முதலில் சந்தேகப்படுவது என் அக்காள் மகன் தனசேகரனை. சங்கராபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் கடையில்தான் கைரேகை வைத்துப் பணம் எடுப்பேன், எவ்வளவு எடுத்தேன் என்பது அவனுக்குத் தெரியும். "வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற சின்னம்மா, எங்கிட்ட குடு, அவசரம்னா ஒரு போன் பண்ணு" என்று பலமுறை கேட்டான். நான் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு வந்தவன் தண்ணீர் குடிக்கிறேன் என்று தானே அடுப்படிக்குள் போனான். குழந்தை பிறந்தும் இதுவரை பார்க்க வரவில்லை.

5. அடுத்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் மறைக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் தினசரி காலண்டர் இருக்கிறது. காலையில் தாள் கிழிப்பவர் என் கணவர். ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றதும், "போனது போச்சி, வூட்டு விஷயத்த வெளிய எடுத்துக்கினு போவாத" என்றார். பணத்தைப் பறிகொடுத்தவர் பேசுகிற பேச்சாக அது எனக்குப் படவில்லை. அவர் குடிப்பவர் அல்ல. ஆனால் பணம் அரிசி டின்னுக்குள் இருப்பது தெரிந்தவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். தனசேகரனிடம் நான் சொன்னதில்லை.

6. ஆகவே ஐயா அவர்கள் இருவரையும் தனித்தனியே அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். கணவர் ஆயிற்றே என்று எனக்காக விட்டுவிட வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். யாரையும் ஜெயிலில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. எடுத்தது யார் என்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். பேத்தியைத் தூக்க என் கணவர் கை நீட்டும்போது, குழந்தையை நான் மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன். அவரும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். எடுத்தவர் அவர் இல்லை என்றால், நான் செய்வது பெரிய பாவம். அதற்காகவாவது சீக்கிரம் விசாரித்துச் சொல்லுங்கள் ஐயா.

இடம்: புங்கந்தாங்கல்
நாள்: 18.12.2023

இப்படிக்குத் தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
பி. தைலம்மாள்