அவிழாத லேஸ்

ஜன. 14, புதன். போகி

வெகுநேரம் பனி விலகவில்லை. பரணைக் காலி செய்தேன். கிடைத்தவை: உடைந்த டார்ச், என் பத்தாம் வகுப்பு ஜாமெட்ரி பெட்டி, அப்பாவின் பட்டாளத்துக் கம்பளித் தொப்பி. தொப்பியை அம்மா குப்பையில் போட்டாள். அப்பா எடுத்து வைத்தார். அம்மா மறுபடி போட்டாள். இப்போது துவைத்துக் கொடியில் காய்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை.

தெருமுனையில் பையன்கள் டயர் கொளுத்தினார்கள். புகை நேரே இங்கிட்டுத்தான். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவசரமே இல்லாதவர் போல பாத்ரூமுக்குள் போனார். குழாயை முழுக்கத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இருமல்.

அம்மா: "வாளி நெறஞ்சு ஓடுதுங்க!"

உள்ளேயிருந்து: "ஓடட்டும்."

இருமினால் குழாய். மூச்சு வாங்கினால் ஷூ லேஸ். நடந்துகொண்டே இருப்பார், சட்டென்று நின்று ஒரு காலைக் கல்லில் ஏற்றி, அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டுவார். பீடி சிகரெட் தொடாத மனுஷன். ஹவில்தாராக ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்னும் யாரிடம் மறைக்கிறார்?

ஜன. 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

இதமான வெயில். டிவியில் ஜல்லிக்கட்டு. ஆரோக்கியசாமி மாமா வந்திருந்தார். அப்பாவோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு. எங்களுக்குத் தெரியக்கூடாத விஷயம் என்றால் இருவரும் இந்தியில் பேசிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அது பாதி புரியும். அது அவர்களுக்குத் தெரியாது.

மாமா, ஊருக்கு வெளியே ஒரு கிரஷரில் அப்பாவுக்குக் கேட் செக்யூரிட்டி வேலை பேசி வைத்திருக்கிறார். சும்மா உட்கார முடியவில்லை என்கிறார் அப்பா. கல் உடைக்கிற இடம், வெள்ளைத் தூசி. அம்மா ஒரே பிடி: "நெஞ்சு டாக்டரு சரின்னு சொன்னா போங்க. இல்லைன்னா நம்ம வீட்டுக் கேட்டயே காவல் காத்துக்கிருங்க."

திங்கட்கிழமை மூச்சு ஊதும் டெஸ்ட். அதற்கு டாக்டர் கொடுத்த சீட்டு இங்கிலீஷில். வீட்டில் முதல் டிகிரி நான், அதனால் இங்கிலீஷ் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். படித்துச் சொன்னேன்: காலையில் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, இறுக்கமாக உடுத்தக்கூடாது, இன்ஹேலர் அடிக்கக்கூடாது.

அப்பா: "அடிச்சா என்னவாம்?"

"ரிசல்ட் உள்ளதைவிட நல்லா வந்துரும்பா."

"ஓஹோ."

சாயங்காலம் துணி எடுக்கக் கொல்லைப்புறம் போனேன். மாமா தன் இன்ஹேலரை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். "மொதல்ல மூச்ச வெளிய விடு மாப்ள. அப்பறம் பம்ப்ப அமுக்கி இழு. இழுத்துப் புடி." ரைபிள் வகுப்பு மாதிரி. தொப்பி இன்னும் ஈரம்.

ஜன. 19, திங்கள்

மேகமூட்டம். திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ். அப்பா வழுவழு ஷேவ், பாலிஷ் போட்ட ஷூ. கிளம்பும் முன் கொல்லைப்புறம் போய் வந்தார், இன்ஹேலர் சத்தம் இரண்டு தடவை.

கிளினிக். குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். டெக்னீஷியன் அக்கா: "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்..." அப்பா முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்தது. "சூப்பர் சார்!"

டாக்டர் மேடம் பேப்பரைப் பார்த்து, "கிட்டத்தட்ட நார்மல்தான். மூச்சு வாங்குதா? இருமல்?"

"நோ கம்ப்ளெயின்ட், மேடம்!" உட்கார்ந்தபடியே அட்டென்ஷன்.

வெள்ளிக்கிழமை வந்தால் வேலைக்குப் போகலாம் என்று எழுதித் தருகிறாராம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரிலேயே என் குரலை ஓனர் கேட்டது குறைவு.

திரும்பும் வழியில் பரோட்டா வாங்கித் தந்தார். பரீட்சையில் பாஸான பையன் போல் சந்தோஷம். சால்னா பிரமாதம். நானும் மூன்று சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

ஜன. 21, புதன்

அம்மாவிடம் இன்ஹேலர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அம்மா வெங்காயம் உரித்தபடியே, "பட்டாளத்துல அப்படித்தான்டி பழக்கம். மெடிக்கல்ல நோய் தெரிஞ்சா கேட்டகரிய எறக்கிருவாங்களாம். ப்ரமோஷன் போயிரும். காய்ச்சலோட ஓடிக் காமிச்ச ஆளு."

"இப்ப யாரும்மா எறக்கப்போறா?"

"நான் எறக்கி ரொம்ப நாளாச்சு."

சிரித்தோம். பிறகு அம்மா சிரிக்கவில்லை. "நான் சொன்னா கேக்க மாட்டாரு. டாக்டரு ரூமுக்குள்ள நீதானே போற."

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். "மேடம், டெஸ்டுக்கு முன்னாடி..." குரல் வருவதற்குள் பவர் கட். நல்லது.

ஜன. 23, வெள்ளி

சொல்லிவிட்டேன்!!

மேடம் பேனாவைத் திறந்தார். இப்போது விட்டால் இனி சொல்ல முடியாது என்று தெரிந்தது. "மேடம், அப்பா டெஸ்ட் அன்னைக்கு இன்ஹேலர் அடிச்சுட்டுத்தான் வந்தாங்க. வீட்டுல கொழாயத் தொறந்துவிட்டு இருமுறாங்க." தேவைக்கு மேல் சத்தம். வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தார்.

மேடம் பேனாவை மூடினார். "நோய் இருக்குன்னு காட்ட வாரவங்களத்தான் பாத்துருக்கேன். பாஸாகுறதுக்கு மருந்து அடிச்சுட்டு வாரது நீங்கதாங்க சார்." கோபமில்லை. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

அப்பா சொன்னார், வீட்டில் ஒருநாளும் சொல்லாததை. பனிமலையில் காவல் போஸ்ட். குளிருக்காக இண்டு இடுக்கெல்லாம் அடைத்த கூடாரம். உள்ளே ராப்பகலாக மண்ணெண்ணெய் அடுப்பு, புக்காரி என்று பெயர். அணைத்தால் விரல் போய்விடும். எரிந்தால் புகை. காலையில் பனியில் துப்பினால் கறுப்பாக விழும். கூடாரத்துக்குப் பின்னால் குழியில் பிளாஸ்டிக், டப்பா, பழைய பேட்டரி எல்லாம் எண்ணெய் ஊற்றி எரிப்பார்கள். "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். அத யாரு கம்ப்ளெயின்ட்னு சொல்லுவா?"

மேடம்: இத்தனை வருஷம் கழித்து எதனால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் புகை பிடிக்காதவருக்கு இப்படி என்றால் அந்தப் புகையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நாளைக் காலை இன்ஹேலர் அடிக்காமல் வாங்க.

பஸ்ஸில் அப்பா எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். இறங்கும்போது: "ஏத்தா, ஒனக்கு இம்புட்டுச் சத்தம் வருமா? பரேடுக்கு கமாண்டு குடுக்கலாம் போல."

ஜன. 24, சனி

டெஸ்ட். இந்தத் தடவை "சூப்பர் சார்" இல்லை. பாதியில் இருமல், இரண்டு தடவை நிறுத்தி ஊதினார். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது. முழுதாகக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். காலை மாலை இன்ஹேலர், அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். கிரஷர் கூடவே கூடாது.

அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். "அப்ப கேட்டகரி எறங்கிருச்சு."

மேடம்: "இல்லைங்க சார். இப்பத்தான் சரியான கேட்டகரி."

கிரஷருக்கு அப்பாவே போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல் எழுந்து, "கொழம்பு என்ன?" கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் அதற்கு மேல் கோபம் நிற்காது.

ஜன. 26, திங்கள்

வெயில், நல்ல காற்று. கொடியேற்றம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். அப்பா மெடல் குத்திக்கொண்டு போனார், சட்டைப் பையில் புது இன்ஹேலர். முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் டீக்கடையில். அப்பா புக்காரிக் கதையைத் தானே எடுத்தார். முதலில் எல்லாரும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர், "எனக்குப் படியேறுனா விசில் அடிக்குதுப்பா." இன்னொருவர், "நீ விசிலு, நான் நாயனம்." ஆரோக்கியசாமி மாமா மட்டும் தன் இன்ஹேலரை அப்பாவிடமிருந்து விலக்கி வைத்துக்கொண்டார். "மாப்ள, இனிமே ஓசி கெடையாது."

இரண்டு பேர் டாக்டர் பெயர் கேட்டார்கள். அப்பா என்னைக் கைகாட்டினார். சொன்னேன். சாதாரணக் குரலில்.

ஜன. 29, வியாழன்

மூன்று நாளாகக் குழாய்ச் சத்தம் இல்லை. இருமல் இருக்கிறது, வாசலிலேயே இருமுகிறார். அம்மா ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாளாம். கம்பளித் தொப்பி பரணுக்கும் போகவில்லை, குப்பைக்கும் போகவில்லை. காலை நடைக்கு அப்பா போட்டுக்கொள்கிறார். பார்க்கக் கொஞ்சம் குரங்கு மாதிரிதான்.

வாங்க வேண்டியது: ஊக்கு, சீப்பு, என் செருப்புக்குத் தையல்.

பிப். 1, ஞாயிறு

லீவு. அப்பாவே கூப்பிட்டார், சித்தன்னவாசல். அம்மா கீழேயே வேர்க்கடலையோடு உட்கார்ந்துகொண்டாள். நானும் அப்பாவும் மலைப்படி ஏறினோம். பாறையில் இளஞ்சூடு. காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தபடி எங்களைத் தாண்டிப் போனார்கள்.

பாதியில் அப்பாவின் நடை தளர்ந்தது. எனக்குத் தெரியும். வழக்கம்போல நான் முகத்தை அங்கிட்டுத் திருப்பி மரத்தைப் பார்த்தேன், அவர் குனிந்து லேஸைக் கட்டட்டும் என்று.

குனியவில்லை.

"நில்லுத்தா," என்றார். "எனக்கு மூச்சு வாங்குது."

உட்கார்ந்தோம்.