கோட்டைக்குள் ஓடிய லயத்துக் கான்

அந்தக் கானை நீ தெரியாமல் வரைந்தாயா, தெரிந்தே வரைந்தாயா? எனக்கு விடை தெரியவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

நம் பேராசிரியருடைய புதுப் புத்தகம் மேசையில் கிடக்கிறது. அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. ஹேவாஹெட்டயில் உங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பெயர் தந்த ஸ்கொட்லாந்துக் கோட்டையின் வரலாறு. நடுப்பக்கத்தில் உன் வரைபடம். கீழே அவர் பெயர்.

விடுதி அறையில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீ அதை வரைந்தாய். பழைய நூல்களில் இருந்த விவரங்களை வைத்து மதில், கோபுரம், கிணறு எல்லாம் சரியாகப் போட்டாய். படைவீரர் அறைகளின் வரிசைக்கு முன்னால் மட்டும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருப்பதுபோல, மழைநீர் வடிய நீளமாக ஒரு கான்.

"இது எந்த நூல்லடி இருக்கு?" என்றேன்.

"கான் இல்லாட்டி மழைத்தண்ணி எங்கடி போகும்? வாசலுக்கா வரும்?" என்று சிரித்தாய். கையெழுத்திட்டு, "பத்திரமா வச்சிரு" என்று மூலப்படியை என்னிடம் தந்தாய். பிரதியைத்தான் ஆய்வோடு அவரிடம் கொடுத்தாய்.

அந்தக் கோட்டையின் முற்றுகையில் உள்ளே இருந்தவர்கள் குதிரைகளைத் தின்றார்கள் என்று வாசித்த அன்று நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தின்னவங்க பேரு இருக்கு. சமைச்சது யாரு?" அந்தக் கேள்வியும் இப்போது அவருடையது, நாலாம் அத்தியாயத்தில்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு ஸ்கொட்லாந்து எதுக்கு?" என்று உன் ஆய்வைத் திருப்பித் தந்தவர் அவர்தான். நீ படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாய். போன வருடம் உன்னை அங்கேயே புதைத்தோம்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. கோட்டையைப் பராமரிப்பவர்களுக்கு எழுதிக் கேட்டேன். அங்கே கான் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அந்த இடம் முழுவதும் வெறும் பாறை என்று பதில் வந்தது. நாளை கண்டியில் வெளியீட்டு விழா. அவர் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும். இதற்கு நியாயம் என்று நான் பெயர் வைக்கப்போவதில்லை. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "சேர், இந்தக் கானை நீங்க நேரில பார்த்தீங்களா?"

"பார்க்காம எழுதுவேனா? உள்ள இறங்கி நின்னே அளந்தேன்."

உன் கையெழுத்துத் தெரியும்படி மூலப்படியை உயர்த்திப் பிடித்து, உன் பெயரைச் சொன்னேன். வெறும் பாறை என்று வந்த கடிதத்தையும் வாசித்தேன். பின்வரிசையில் இருந்து உன் தம்பி எழுந்தான்.

"அது எங்க லயத்துக் கானுங்க சேர். நேத்தும் நாந்தான் கூட்டுனேன்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அவர் மேடையில் இருந்து இறங்கி வந்து கையை நீட்டினார். "அதைக் கொஞ்சம் குடுங்க, பார்ப்போம்."

நான் கொடுக்கவில்லை. நாலாக மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.