தட்டினால் கேட்கும் மரம்

அண்ணை,

உங்கட கொப்பியை விரித்ததும், எறும்புகளைப் பதப்படுத்துகிற ஸ்பிரிட் மணம் குப்பென்று வந்தது. நீங்கள் கண்மூடி நாலு மாதமாகிறது, அந்த மணம் இன்னும் போகவில்லை. போன ஞாயிறு அண்ணி டூங்கபி வீட்டிலிருந்து கூப்பிட்டு, "இவர் அலுமாரிக்குள்ள ஒரு எறும்புக் கொப்பி வைச்சிருக்கிறார். உம்மைப் பற்றியும் எழுதிக் கிடக்கு, வந்து பாரும்" என்றார். அன்றே ஓடிவந்தேன்.

போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு மறந்திருக்காது. தளபாடம் செய்ய ஆபிரிக்காவிலிருந்து வந்த மரக்கட்டை. அதன் பொந்துக்குள் எறும்புக்கூடு இருந்ததால், நச்சுப்புகை அடித்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். என்ன எறும்பு, ஏதாவது உயிரோடு மிஞ்சியிருக்கிறதா, இந்த இரண்டையும் சொல்வதுதான் எங்கள் வேலை. மரத்தில் கூடு கட்டுகிற அந்நிய எறும்பு ஒன்று தப்பினாலும் பிறகு யாராலும் பிடிக்க முடியாது.

செத்துக் கிடந்த அத்தனையும் வயிற்றைத் தலைக்கு மேல் தூக்கியபடியே கிடந்தன. நீங்கள் ஒன்றை எடுத்துக் கடதாசி முனையில் ஒட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தீர்கள். இடுப்பில் இரண்டு கணு. வயிறு அரசிலை வடிவம். "இந்தச் சாதி சிட்னியிலயும் இருக்குத்தானே" என்றேன், அவசரக்குடுக்கை நான். "பொறுங்கோ தங்கச்சி. உணர்கொம்பின்ர கணுவை எண்ணுங்கோ, முதுகு முள்ளைப் பாருங்கோ. இஞ்சத்தைய ஆளுக்கு முள் இப்பிடி வளையாது" என்றீர்கள். நீங்கள் சொன்னது சரி.

பிறகு, "ராணியைக் காணேல்லை" என்று சொல்லிக்கொண்டே கட்டையில் மூன்று தரம் தட்டிக் காதை வைத்தீர்கள். "கேக்குதோ?" நானும் காதை வைத்தேன். காய்ந்த இலையில் தூறல் விழுகிற மாதிரி, உள்ளே வெகு ஆழத்தில், சரசரவென்று ஒரு சத்தம். நீங்கள் தட்டினால் வந்தது. நிறுத்தினால் நின்றது.

அன்று பின்னேரம் மேய்ஸ் ஹில் கோயிலில் எங்கட உபயம். சேலையும் பூமாலையும் காருக்குள் கிடந்தன. கட்டையைப் பிளந்து பார்ப்பதென்றால் இருட்டிவிடும். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அண்ணை, உங்களுக்குப் பிரமை" என்றேன். ஊரில் நீங்கள் படித்த படிப்பை இங்கே இன்னும் ஏற்றுக்கொள்ளாததால் கையெழுத்து என்னுடையது. உயிரோடு எதுவும் இல்லை, கட்டையை வெளியே விடலாம் என்று எழுதி ஒப்பமிட்டேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி" என்று கை கழுவப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன், மடைச்சி.

கொப்பியின் முதல் வரி: "கட்டை எங்கட பின்வேலிக்கு அங்கால இருக்கிற தளபாடப் பட்டறைக்கு வந்திருக்கு." அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். இவ்வளவு பெரிய சிட்னியில் அது உங்கள் வேலியைத் தேடி வந்திருக்கிறது. அடுத்த பக்கங்களில்: "வேலிக்கு இஞ்சால அஞ்சு." "மல்பெரி மரத்தில ஒரு வரிசை." "குசினி யன்னல்." கடைசிப் பக்கத்தில் எறும்பின் படம், முள்ளும் கணுவும் மயிரிழை பிசகாமல். பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமை. எறும்புக்குப் பெயர் சொன்னவர் தன் பெயரையும் கீழே எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முறை. அந்த வெறுமைக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தது: "தங்கச்சிக்குக் கேட்டது. எனக்குத் தெரியும். பெயரை அவவே எழுதட்டும்."

எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், அண்ணை? தினமும் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோமே! ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நீங்களும் பிழை விட்டீர்கள்.

அண்ணி என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். நல்ல வெயில், ஆனால் மல்பெரியில் ஒரு குருவி இல்லை. கிளைக்கவட்டில் தலையளவு கறுத்தக் கூடு. கிட்டப் போனதும் எல்லா எறும்புகளும் ஒரே நேரத்தில் நின்று வயிற்றைத் தூக்கின. "இவர் ஒவ்வொரு பின்னேரமும் இதில தட்டிப்போட்டுக் காதை வைச்சுக்கொண்டு நிப்பார்" என்றார் அண்ணி. "நானும் தட்டினனான். உமக்குக் கேக்குதோ?"

மூன்று தரம் தட்டினேன். அதே தூறல், ஆனால் இந்தமுறை மரம் முழுக்க.

"ஓம் அண்ணி, கேக்குது" என்றேன். அழுகை வந்துவிட்டது.

பிடித்துவந்த எறும்பை, அண்ணி தந்த உங்கட உருப்பெருக்கி வில்லையை வைத்துப் பார்த்தேன், பிறகு நுணுக்குக்காட்டியில். உணர்கொம்பின் கணுவை எண்ணினேன், முள்ளைப் பார்த்தேன். அதேதான். சீட்டில் அதன் பெயரை எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். போன வருட அறிக்கை பொய், சத்தம் எனக்குக் கேட்டது என்று மேலிடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு மல்பெரியை வெட்ட வருகிறார்கள். அது ஒரு மரத்தோடு நிற்குமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்றேன். என் வேலையும் போகலாம்.

உங்கட வில்லை என் கைப்பையில்தான் இருக்கிறது. கதவு, மேசை, தெருவோர மரம், எதைக் கண்டாலும் என் விரல் மூன்று தரம் தட்டிப் பார்க்கிறது, அண்ணை. தட்டிவிட்டுக் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கேட்டால், கேட்டது என்று சொல்ல.