நான்காம் பாத்தியில் கசிவு

வீடு 17, நிலவின் தென்துருவம். பராமரிப்புப் பதிவு. எழுதுபவர்: உலகம்மை, குழாய்ப் பொறியாளர்.

மார்ச் 3, 08:10
காற்றழுத்தம் சரி. குடிநீர்த் தொட்டி பாதி. கூரைநீர் அறுபது சென்டிமீட்டர், நான்கு பாத்திகளிலும் ஒரே மட்டம். மகள் ஆவுடைக்கு இன்று நான்கு வயது முடிகிறது. நான் உட்கார்ந்திருந்த கூடத்து நாற்காலியில் ஒரு சொட்டு விழுந்தது. என் கணவர் கோமதிநாயகம் உட்காரும் நாற்காலி. இங்கே ஈர்ப்பு குறைவு, ஒரு சொட்டு கூரையிலிருந்து கீழே வர இரண்டு வினாடி ஆகும். விலக நேரம் இருந்தது. நான் விலகவில்லை.

பிறகு இதைப் படிப்பவருக்காக எழுதுகிறேன். எங்கள் கூரை என்பது இரண்டு தகடுகளும், நடுவில் நான்கு பாத்திகளாகத் தடுத்த தண்ணீரும். சூரியன் கக்கும் கதிர்களைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். இங்கே ஒருவர் இறந்தால் உடலின் நீரைப் பிரித்து அவர் வீட்டுக் கூரையில் சேர்ப்போம். அதை யாரும் குடிப்பதில்லை. ஓராண்டு முடியும் வரை அந்தப் பாத்தியின் மூடியைத் திறப்பதும் இல்லை. கோமதி நான்கு மாதமாக நான்காம் பாத்தியில் இருக்கிறார். நாற்பத்தொரு லிட்டர்.

மார்ச் 4, 10:30
சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்காது. தகட்டுக்குக் கீழே பஞ்சு உறை இருக்கிறது. தண்ணீர் அதற்குள் ஓடி வேறெங்கோ இறங்கும். எந்தப் பாத்தி என்று பார்க்கச் சாயம் கலந்தேன். முதலாவதில் நீலம், இரண்டாவதில் சிவப்பு, மூன்றாவதில் பச்சை. நான்காவதின் மூடியைத் தொடவில்லை.

17:45
சொட்டு அடுப்படிக்கு நகர்ந்துவிட்டது. கோமதி காப்பிக்கு வந்து நிற்கும் இடம். நிறமில்லாத தண்ணீர். சாயம் பரவ நேரமாகும் என்று குறித்துவைக்கிறேன்.

மார்ச் 5, 09:00
இன்னும் நிறமில்லை. யாரை ஏமாற்றுகிறாய் உலகம்மை? முதல் நாளே உனக்குத் தெரியும்.

11:20
தலைமை நிலையத்திலிருந்து கொழுந்தன் சங்கரலிங்கம் அனுப்பியது:
"மதினி, சூரியப் புயல் வருது. ஏழாந்தேதி சாயங்காலம் நாலு மணிக்கு. பதினாறு மணி நேரம் அடிக்கும்னு சொல்லுதாங்க. இங்க வண்டி சக்கரம் கழட்டிக் கெடக்கு, புயல் அடங்குன பெறவுதான் வர முடியும். கூரை எப்படி இருக்கு?"
நான்காம் பாத்தி சொட்டுவதைச் சொன்னேன்.
"அப்போ நாலாம் பாத்தியத் தொட்டிக்கு இறக்கிருங்க. காய வச்சு, உள்பக்கமா ஒட்டி, தண்ணிய மறுபடி ஏத்திருங்க. அரை நாள் வேலை. கீழ இருந்து பூசுனா தண்ணி வேற வழி பாத்துக்கிடும். அண்ணன் இருந்தா அவுகளும் இதத்தான் சொல்லுவாக."

இறக்கினால் குடிநீர்த் தொட்டிக்குத்தான் போகும். வேறு தொட்டி கிடையாது. பிறகு நானும் பிள்ளையும் டம்ளரில் பிடித்துக் குடிப்பது அவரை. "இறக்குதேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன். பொய்.

மார்ச் 6, 08:30
கீழிருந்தே பசை பூசினேன், மூன்று இடங்களில். ஒரு மணி நேரம் நிற்கிறது, பக்கத்தில் புதிதாகச் சொட்டுகிறது.

13:10
இப்போது ஆவுடையின் கட்டிலுக்கு மேலே. அவள் கையை விரித்து ஏந்திக்கொண்டு, "அப்பா என்னயப் பாக்க வாராங்க" என்றாள். கட்டிலை மறுசுவருக்கு இழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அங்கேயும் வந்துவிட்டது. உறையின் சரிவு, நான் பூசிய பசை, எல்லாக் காரணமும் எனக்குத் தெரியும். தெரிந்தும், வீட்டுக்குள் யாரோ அறை அறையாக நடக்கிற மாதிரியே இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: சொட்டு நின்றால் எங்கே போய்விட்டார் என்று தேடுகிறேன்.

மார்ச் 7, 07:15
நான்காம் பாத்தியின் தையல் கீழ்நோக்கிப் புடைத்திருக்கிறது. கூரைக்குள்ளேயே அவரை வைத்துக்கொள்ள ஒரு வழி தோன்றியது. பாத்திகளுக்கு இடையிலுள்ள அடைப்பான்களைத் திறந்து, நான்காவதின் நீரில் பாதியை மற்ற மூன்றுக்கும் தள்ளினேன். பாரம் குறைந்தது, சொட்டு நின்றது.

08:05
முக்கால் மணி நேரம் கெட்டிக்காரியாக இருந்தேன். திறந்தே விட்ட அடைப்பான்கள் வழியாக நீர் திரும்பி வந்து தையல் கிழிந்தது. அடைப்பான்களை மூட ஓடினேன். நனைந்த உறை சரிந்து வழியை மறித்துவிட்டது. நீலமும் சிவப்பும் பச்சையும் கலந்து, கறுப்பாக, மெல்ல மெல்ல இறங்கியது. நான்கு பாத்தியும் போயிற்று. தரை வடிகால் வழியாக எல்லாம் குடிநீர்த் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கே போகக்கூடாது என்று நான்கு நாள் பிடிவாதம் பிடித்தேனோ அங்கேயே. கூரை இப்போது வெறும் தகரம். அடைப்பான்கள் திறந்தே கிடக்கின்றன, நீரைத் திரும்ப ஏற்றினாலும் நிற்காது. புயலுக்கு எட்டு மணி நேரம் இருக்கிறது. கிழிசல் என் கையை விட நீளம். ஒட்டிக் காய்வதற்குள் புயல் வந்துவிடும்.

08:40
கொழுந்தன் லிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
"இறக்குதேன்னு சொன்னீங்களே மதினி."
பிறகு:
"தொட்டி நடுவுல ஒரு குழாய் இறங்குதுல்லா, அடிப்பக்கம் சோதிக்க? அதுக்குள்ள தண்ணி கெடையாது, சுத்தித்தான் தண்ணி. பிள்ளைய அதுல இறக்குங்க. நீங்களும் இறங்கிருங்க."
குழாயின் வாய் முப்பத்தாறு சென்டிமீட்டர். என் தோள் நாற்பத்திரண்டு. நாடாவை இரண்டு முறை வைத்து அளந்தேன். தொட்டி வார்த்து மூடியது. வேறு வாய் இல்லை. லிங்கத்திடம் "சரி" என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது பொய்.

14:50
ஆவுடையை இறக்கிவிட்டேன். போர்வை, பிஸ்கட், விளக்கு, காற்றுக் குழாய். தொட்டித் தண்ணீர் இரண்டு பாட்டில்.
"நீ வரலியா?"
"அம்மா மூடிகிட்ட இருக்கேன். தட்டு, பதிலுக்குத் தட்டுதேன்."
"இருட்டா இருக்கும்மா."
"சுத்தி அப்பா இருக்காங்க. தூங்கு."
அழாமல் சொல்லிவிட்டேன். அது ஒன்றுதான் இந்த வாரத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை.

15:30
பக்கவாட்டில் தண்ணீர் இருக்கிறது. மேலே மட்டும் வெற்று மூடி, வெறும் தகடு. தண்ணீர்ப் பைகள் மூன்றை அடுக்கினேன், போதாது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். பைகள் மேல் குறுக்கே படுத்திருக்கிறேன். இங்கிருந்தே எழுதுகிறேன்.

16:20
தொடங்கிவிட்டது. சத்தம் எதுவும் இல்லை. கதிர் அளக்கும் மானி மட்டும் ஏறுகிறது. கண்ணை மூடினாலும் உள்ளே பொறி பறக்கிறது.

18:45
மூன்று முறை வாந்தி. மூடியை விட்டு நகரவில்லை. அவள் தட்டுகிறாள். தட்டினேன்.
கோமதி, உங்களை இறக்கியிருந்தால் பிள்ளை இந்நேரம் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பாள். உங்களை விட்டுவிட மனசில்லாமல்தான். கோபப்படாதீர்கள்.

20:
மணி சரியாகத் தெரியவில்லை. தட்டினாள். பதிலுக்குத் தட்டக் கையை ஓங்க முடியவில்லை. நெற்றியால் தட்டினேன். தூங்கிவிட்டாள் போல.

தம்பி, காற்றுக் குழாயை முதலில் பாருங்கள். பிள்ளைக்குத் தாகமெடுத்தால் இந்தத் தொட்டித் தண்ணீரே கொடுங்கள். சாயம் ஒன்றும் செய்யாது. குடிக்கக்கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என்னுடைய நீரையும் இதிலேயே
மறுபடியும் தட்டுகிறாள்

நான் மூடி மேல்தான் கிடப்பேன். திறக்க வேண்டுமென்றால் என்னைப் புரட்டித் தள்ள வேண்டியிருக்கும். மதினி என்று பார்க்காதீர்கள். தயங்காதீ