துப்பாக்கி தூக்கிய என் அக்கா

மார்ச் 4, செவ்வாய்

என் படத்தை இங்கிலீஷில் எடுக்கப்போகிறார்கள்.

'என் படம்' என்று எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கதை, வசனம் நான். இயக்கியவர் இப்போது ஹோட்டல் வைத்துப் பிழைக்கிறார். இங்கே எட்டே நாள் ஓடியது. ஏழாம் நாள் தியேட்டரில் நான், அக்கா, இன்னும் நான்கு பேர். அந்த நான்கில் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள். அப்புறம் எங்கோ ஒரு வெளிநாட்டுப் பட விழாவுக்குப் போய் ஒரு பரிசு வாங்கியது. அதைப் பார்த்துத்தான் இந்தக் கம்பெனி உரிமை வாங்கியிருக்கிறது. நான் 'கதை ஆலோசகர்'. தொலைக்காட்சித் தொடரில் மாமியாருக்கு வசனம் எழுதிக்கொண்டிருப்பவளுக்கு இது பெரிய இடம்.

காலையில் வீடியோ அழைப்பில் தயாரிப்பாளர் வந்தார். எதற்கும் "அமேசிங்" என்கிறார். பெயரைச் சொன்னேன், அமேசிங். இங்கே மணி எட்டு என்றேன், அதுவும் அமேசிங். இனி அவருக்கு அதுவே பெயர்.

"அச்சு அசலா அப்படியே எடுக்கறோம். சின்னச் சின்ன மாற்றம் மட்டும்தான்" என்றார்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். படத்தின் நாயகி அவள்தானே. அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்து நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். நாயகியும் அப்படியே: ஐம்பத்து மூன்று வயது, வார்டுகளிலிருந்து வரும் தலையணை உறைகளை எண்ணி வாங்குகிறவள். மூன்று நோயாளிகள் சாகிறார்கள். அந்த மூன்று நாளும் ஓர் உறை குறைகிறது. டாக்டர் ஒருவன் தலையணையால் அமுக்கிக் கொன்றுவிட்டு உறையை எடுத்துப் போய்விடுகிறான். அவள் எல்லாரிடமும் சொல்கிறாள். ஒருவரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் நாலாவது நோயாளியின் அறை வாசலில் தன் துணிவண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு நகரமாட்டேன் என்று நிற்கிறாள். அவ்வளவுதான் படம்.

"யாருடி என் வேஷம் போடறது?"

"இன்னும் தெரியலக்கா."

"கொஞ்சம் குண்டா இருக்கறவளாப் பாக்கச் சொல்லு. ஒல்லிப் பிச்சானுங்களால அந்த மூட்டையைத் தூக்க முடியாது."

மார்ச் 7, வெள்ளி

எதற்கு மறுபடி எடுக்கவேண்டும், கீழே எழுத்துப் போட்டு இதையே காட்டலாமே என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"எங்க ஆளுங்களுக்குப் படிக்கப் பிடிக்காது" என்றார் அமேசிங். படத்தையா, பொதுவாகவா? கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

அமேசிங்கோடு இயக்குநரும் நேரில் வந்தார். முகத்தில் பாதி தாடி, மீதியில் கண்ணாடி. என் படத்தைப் பதினோரு தடவை பார்த்தாராம். பார்த்துப் பார்த்து என்ன கண்டுபிடித்தார் என்றால்: நாயகிக்கு வயது அதிகம்.

முப்பத்தெட்டு என்று ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்தில் முப்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டார்கள். நான் இடையில் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தால் அக்கா பள்ளிக்கூடம் போயிருப்பாள்.

அடுத்து வேலை. அவள் நிஜத்தில் சலவைக்கூட ஊழியர் இல்லையாம், மாறுவேடத்தில் இருக்கும் போலீஸாம். "துணி துவைக்கற ஒருத்தி கொலையைக் கண்டுபிடிச்சா யார் நம்புவாங்க?" என்றார் தாடி.

"யாரும் நம்பமாட்டாங்க. அதானே கதை" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அமேசிங்!"

மாலையில் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. மூன்றாவது வரி: 'துணி துவைப்பவரை யாரும் நம்பமாட்டார்கள் என்பதை மூலக் கதாசிரியரும் ஒப்புக்கொண்டார்.'

ஏப்ரல் 2, புதன்

டாக்டருக்கு இப்போது ஒரு சோகமான குழந்தைப்பருவம் கிடைத்திருக்கிறது. செத்துப்போகும் மூன்று பேருக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதவேண்டும்.

உச்சக்கட்டத்தை மாற்றிவிட்டார்கள். வண்டியைக் குறுக்கே நிறுத்துவது 'போதவில்லை'. மொட்டை மாடி, மழை, கொடியில் காயும் வெள்ளை விரிப்புகள், நடுவே அவளும் டாக்டரும். அவள் கையில் துப்பாக்கி. இதைக் கேட்டதும் எழுந்து போயிருக்கவேண்டும். ஆனால் தாடி சொன்னார்: "இந்தக் காட்சியை நீங்கதான் எழுதணும். உங்க குரல் இல்லாம இது நிக்காது."

என் குரல்! பதினைந்து வருஷம் மாமியார் வசனம் எழுதியவளிடம் ஒருவர் 'உங்கள் குரல்' என்கிறார். உச்சி குளிர்ந்துபோனது. முதலில் நம் மொழியில் எழுதி, பிறகு இங்கிலீஷில் போடுவது என் வழக்கம். ஒரே மூச்சில் நாலு பக்கம். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நான் ஒன்பது குண்டு சுட்டிருக்கிறேன். எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினேன் — அதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்திருந்தது.

அனுப்பிய பத்தாவது நிமிடம் பதில்: "அமேசிங்." இந்த முறை அவர் மனதாரச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்கா வந்தாள். நான் அடுப்படியில் இருந்தபோது மேசையில் கிடந்த நாலு பக்கத்தையும் எடுத்துப் படித்துவிட்டாள்.

"இது யாரு?"

"நீதான்க்கா... சினிமாவுக்காகக் கொஞ்சம்..."

"நான் எதுக்குடி அந்தாளைச் சுடறேன்?"

பார்ப்பவர்களுக்கு ஒரு திருப்தி வேண்டும், அது இது என்று உளறினேன். தாடி சொன்னதையெல்லாம் என் வாய் சொல்லிக்கொண்டு போகிறது; எனக்கே கேட்கிறது; நிறுத்த முடியவில்லை.

அக்கா காகிதத்தை மடித்து வைத்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, விரிப்பு மடிப்பதுபோல.

"பழைய ஊசியெல்லாம் துணியோட சுருட்டி அனுப்பறாங்கன்னு ஏழு தடவை எழுதிக் குடுத்தேன். ஏழு தடவை. எங்கூட வேலை பாக்கறவ கையில குத்தி, ரத்தத்துல கிருமி ஏறி, இன்னிக்கும் மாத்திரைல ஓடிட்டிருக்கா. அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்துதானே அழுதேன்? அதைக் கேட்டுத்தானே நீ கதை எழுதின? யாருமே கேக்கலன்னாலும் இவ ஒருத்தி கேட்டாளேன்னு இருந்தேன். இப்ப நீயும், துப்பாக்கி எடுத்தாத்தான் கேப்பாங்கன்னு எழுதிட்ட."

சாப்பிடாமல் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்தை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அந்தக் காட்சியைத் திரும்பத் தாருங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்றேன். "அது இப்ப எங்களோடது" என்றார் தாடி, சிரித்த முகத்தோடு. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், அவர்களுடையதுதான். நான் மூச்சு விடுவதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாயகியாக நடிக்கப்போகிற நடிகை நிஜமான சலவைக்கூடத்தில் மூன்று நாள் இருந்து பார்க்கவேண்டுமாம். ஆஸ்பத்திரி நிர்வாகம் வாயெல்லாம் பல்லாக அனுமதி கொடுத்துவிட்டது. அக்காவிடம் யார் கேட்பது? நான்தான். பதினாறு நாளுக்குப் பிறகு போனை எடுத்தாள்.

"வரட்டும். கையுறை போட்டுட்டு வரச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மே 6, செவ்வாய்

நடிகை வந்தாள். அக்கா சொன்ன அந்த ஒல்லிப் பிச்சான்தான். கூடவே ஒரு ஒப்பனைக்காரர், ஒரு புகைப்படக்காரர், குடிதண்ணீர்ப் பெட்டி ஒன்று. மொழிபெயர்க்க நான்.

ஆனால் பாவம், பெண் மோசமில்லை. முதல் மூட்டையைத் தூக்க முடியாமல் அதன் மேலேயே விழுந்தாள். எல்லாப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அக்கா அவள் இடுப்பைப் பிடித்து, "முதுகால தூக்காதே, முட்டியை மடக்கு" என்று செய்து காட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "சொல்லு அவகிட்ட" என்று மட்டும், மொழிபெயர்ப்புக் கருவியிடம் பேசுவதுபோல.

மே 7, புதன்

காலை பத்தரை இருக்கும். துணி பிரிக்கும் இடத்தில் நடிகை ஒரு விரிப்பை உதறினாள். உள்ளேயிருந்து ஊசி ஒன்று தெறித்து, அவள் கையுறையில் குத்திக்கொண்டு நின்றது. தோலில் படவில்லை, மயிரிழை. அக்கா கொடுத்த தடித்த கையுறை அது; அவள் சொந்தமாக வாங்கி வைத்திருந்தது.

நடிகை கத்தினாள் பாருங்கள்! மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா அவள் கையைப் பிடித்து, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா." அந்தப் பெண் அக்கா தோளில் சாய்ந்து அழுதது.

அதற்குள் நிர்வாகி ஓடி வந்தார். ஓடி! அவருக்கு ஓட வரும் என்றே யாருக்கும் தெரியாதாம். பின்னால் இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சக்கர நாற்காலி. 'எப்படி நடந்தது, எப்படி நடந்தது' என்று அக்காவைப் பார்த்தே கேட்டார்.

"ஏழு தடவை எழுதியிருக்கேன். அதுல இருக்கு, எடுத்துப் பாருங்க" என்றாள் அக்கா.

நடிகை என்னைப் பார்த்தாள்: அவங்க என்ன சொன்னாங்க? நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்கூட விடாமல், கொஞ்சம் சத்தமாகவே.

மே 14, புதன்

ஒரே வாரம். துணி பிரிக்க எஃகு மேசை வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு ஜோடி தடித்த கையுறை. வார்டுக்கு வார்டு ஊசி போட மஞ்சள் பெட்டி. ஊசியைத் துணியோடு அனுப்பினால் நடவடிக்கை என்று சுவரில் அறிவிப்பு, இரண்டு எழுத்துப்பிழையோடு.

மாலையில் அக்காவே போன் செய்தாள்.

"நான் ஏழு தடவை எழுதினேன். அவ ஒரு தடவை கத்தினா."

சிரிக்கிறாளா என்று காதை வைத்துக் கேட்டேன். சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பேச ஆரம்பித்துவிட்டாள், போதும்.

மே 20, செவ்வாய்

துப்பாக்கியை எடுத்துவிட்டு ஊசியை வையுங்கள், நிஜமாகவே நடந்தது, பார்த்தீர்களே என்று கூட்டத்தில் சொன்னேன். "அமேசிங். ஆனா நம்பும்படியா இல்ல" என்றார் அமேசிங். ஒரு நடிகைக்காக மொத்த ஆஸ்பத்திரியும் ஓடி வருமா என்ன, என்றார் தாடி.

அப்படியானால் மொட்டை மாடிக் காட்சியில் என் பெயர் வேண்டாம் என்றேன். ஏதாவது கெஞ்சுவார்கள் என்று நினைத்தேனோ? மளமளவென்று ஒப்புக்கொண்டார்கள். ஆலோசகர் பதவியும் கூடவே போய்விட்டது. 'சிறப்பு நன்றி'யில் போடுவார்களாம். வெளியே வந்து சோடா குடித்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது. கொஞ்சம் எரிந்தது, அது சோடாவாக இருக்கலாம்.

பிப்ரவரி 21, சனி

படம் வந்துவிட்டது. சக்கைப்போடு போடுகிறதாம். மதிய இடைவேளையில் சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் என் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கீழே நம் மொழியில் எழுத்து. ஒருவரும் படிக்கச் சலித்துக்கொள்ளவில்லை.

நாயகி மூட்டை தூக்கும்போது முட்டியை மடக்கினாள். "பாத்தியா, பாத்தியா!" என்று பக்கத்தில் இருந்தவளை அக்கா இடித்தாள்.

மொட்டை மாடி வந்தது. மழை. இசை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்பது குண்டு. வெள்ளை விரிப்புகள் கிழிந்து பறக்கின்றன.

மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தோழி சொன்னாள்: "அய்யோ, அத்தனை விரிப்பும் போச்சே. யாரு பதில் சொல்றது?"

கூடமே சிரித்து உருண்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகுதான் நான் நிமிர்ந்தேன்.

'சிறப்பு நன்றி'யில் என் பெயர் தப்பாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

உள்ளூர்த் தயாரிப்பாளர் ஒருவரிடமிருந்து போன். "மேடம், ஒரு இங்கிலீஷ் படம் பிச்சுக்கிட்டு ஓடுது. ஆஸ்பத்திரி, தலையணை உறை, கொலை. நம்ம மொழில எடுக்கறோம். வசனம் நீங்க எழுதித் தரணும்."

"அது நம்ம மொழியில வந்த படம்தாங்க. நான்தான் எழுதினேன்."

"அப்படியா? ஓடுச்சா?"

"எட்டு நாள்."

"அதான் கேள்விப்படல" என்றார் ஆறுதலாக. "பரவால்ல மேடம். அவங்க அதை நல்லா எடுத்திருக்காங்க. அந்த மொட்டை மாடிக் காட்சி ஒண்ணு போதும். யார் எழுதினாங்களோ, மகராசன்!"

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யார் எழுதியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

புதிதாக இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். கொலை இல்லை. ஏழு மனு எழுதுகிற ஒருத்தி. யார் எடுப்பார்கள் என்று தெரியாது. அக்காவை வரச் சொல்லி நானே கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஆறாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இங்க 'ஐயா, தயவுசெஞ்சு'ன்னு கேக்கறாளே. நான் அந்த நிர்வாகியை ஒரு நாளும் ஐயான்னு கூப்பிட்டதில்ல. தயவும் கேக்கல."

பேனாவை நீட்டினேன். அவளே அடித்தாள். நன்றாக, இரண்டு கோடு.

"வேற எங்கக்கா?"

"இருடி" என்று சொல்லி, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.