ஏறாத பாதரசம்

நேற்றிலிருந்து காய்ச்சல். உன் பழைய தெர்மாமீட்டரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து நாக்கின் அடியில் வைத்தேன். அந்த வாசனை ஏறியதும் நீ வந்துவிட்டாய். டிஸ்பென்சரி வாசலில் நின்று, "வாயத் தொறக்காத புள்ள" என்று அதட்டுகிறாய். எஸ்டேட்டுக்கே நீ சிஸ்டர்; எனக்கு மட்டும் பக்கத்து ஊட்டுக்காரி.

காய்ச்சலைக் கண்டு நான் பயந்தபோதெல்லாம் சிரிப்பாய். "காச்சல் நோவில்ல. காவக்காரங்க எந்திரிச்சுட்டாங்க, அவ்வளவுதான்." தோல்தான் வேலி என்பாய். வேலி தாண்டிக் கிருமி வந்தால், முதலில் ஓடிவருகிறவர்கள் யார் எவர் என்று விசாரிக்காமல் விழுங்குவார்கள். பின்னால் வருகிறவர்கள் அந்தக் கிருமிக்கென்றே ஆயுதம் செய்வார்கள். அதற்குச் சில நாள் பிடிக்கும். சண்டை ஓய்ந்த பிறகும் சிலர் அந்த முகத்தை மறக்காமல் உள்ளேயே இருந்துவிடுவார்கள். தடுப்பூசி அந்த முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பதுதான் என்று, அழுகிற குழந்தைகளின் அம்மாக்களிடம் பொறுமையாகச் சொல்வாய்.

உனக்குத்தான் அந்தக் காவலுக்குப் புத்தி மாறிப்போனது. லூபஸ் என்றார் கோயமுத்தூர் டாக்டர். உன் மூட்டுகளையும் கிட்னியையும் அந்நியன் என்று எண்ணி அது அடித்தது. அதை அடக்க மாத்திரை. காவக்காரங்களுக்குத் தூக்க மருந்து என்று நீயே சொல்லிச் சொல்லி விழுங்கினாய்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. டிஸ்பென்சரியைப் பூட்டி, உன்னை ஃபேக்டரியில் என்னோடு தூள் சலிக்க நிறுத்தினார்கள். இந்தத் தெர்மாமீட்டரும் உன் சட்டமும் ஆபீசுக்குப் போயின: நூறைத் தாண்டினால்தான் சிக் லீவு. பொய் சொல்லி லீவு கேட்பவர்களுக்காக நீ வைத்திருந்த சட்டம் அது.

மழை மாதத்தில் உனக்கு இருமல், மூச்சுவாங்கல். கிளார்க் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "காச்சலே இல்லீங்களே, சிஸ்டர்" என்றார். கெட்டவர் இல்லை, ஆள் பற்றாத நேரம், அவரும் மேலே பதில் சொல்லவேண்டும். மாத்திரை தின்கிற உடம்பில் காய்ச்சல் சரியாக ஏறாது என்று விளக்கினாய். அவர் கண்ணாடிக் குழாயைத்தான் நம்பினார். அத்தனை வருஷமும் அதைத்தான் நம்பவேண்டும் என்று நீயும் சொல்லியிருந்தாய்.

திரும்பி நடக்கையில் என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "திருடன் உள்ள வந்துட்டான் புள்ள. சத்தம் போடத்தான் ஆளில்ல."

மறுநாளும் தூள் சலித்தாய். மயங்கி விழுந்த பிறகுதான் ஜீப் வந்தது. ஊட்டியில் டாக்டர் நிமோனியா முற்றிவிட்டது என்றபோதும் உன் நெற்றி சில்லென்று இருந்தது. நீ வீடு திரும்பவில்லை. இன்றும் அந்தச் சில்லிப்பு என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. யார்மேல் கோபப்படுவது? விலைமேலா, மாத்திரைமேலா, உன் சட்டத்தின்மேலா? ஒன்றுக்கும் மனசு ஆறவில்லை.

ஆபீசும் மூடிய பிறகு இந்தத் தெர்மாமீட்டரை நான்தான் எடுத்து வந்தேன். இப்போது நூற்றியொன்று காட்டுகிறது. மகள் பதறுகிறாள், மாத்திரையும் தண்ணீருமாக நிற்கிறாள். கொஞ்சம் பொறு என்றேன். எனக்காக எழுந்து ஓடிவந்தவர்களின் சூடு இது. உனக்காக ஒருத்தரும் எழவில்லையே, புள்ள.